தெருநாய்க் கணக்கு: நகர்மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

போன கூட்டத்தில் வார்டு வாரியாகத் தெருநாய் எண்ணிக்கையை வாசித்தபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்டில் 50, அடுத்ததில் 100, இன்னொன்றில் 150. நாய்கள் இத்தனை ஒழுங்காக ஐம்பது ஐம்பதாகவா குட்டி போடும்? முப்பது வருடம் டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதியவன் நான். சைபரில் முடியும் எண்ணைப் பார்த்தால் ரசீதைக் கேட்பது பழக்கமாகிவிட்டது. எங்கள் வார்டுக்கு 50 நாய், முகாமில் போட்ட வெறிநோய்த் தடுப்பூசி 46, ஆகவே 92 சதவீதம் முடிந்தது என்று பதிவு செய்துவிட்டீர்கள். 46 என்பது எண்ணிப் பார்த்தது. 50 எங்கிருந்து வந்தது?

நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் வெறிநோய் நாய்க்கு நாய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 70-ஐத் தாண்டினோமா இல்லையா என்பதுதான் இங்கே கேள்வி. அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோயிலிருந்து ஆளைக் காப்பாற்ற முடியாது என்பதை, 1907-இலிருந்து குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் மலைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முகாமில் ஊசி போட்ட நாய்களின் முதுகில் பச்சைச் சாயம் தடவிவிட்டார்கள் அல்லவா? ஊசி போட்ட நாய்க்கே மறுபடி போடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. மறுநாள் விடியற்காலையில் நானும் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் இருவரும் நோட்டோடு வார்டைச் சுற்றினோம். ஒரு தெருவில் ஒரே தடவை, திரும்பி வருவதில்லை என்று பேச்சு. கண்ணில் பட்டவை 40 நாய்கள். அதில் பச்சை முதுகு 23.

நாற்பதுக்கு 23 என்றால் நூற்றுக்கு 57 சொச்சம். மொத்த நாய்களிலும் இதே விகிதம்தான் என்று வைத்துக்கொண்டால், 46-ஐ 40-ஆல் பெருக்கி 23-ஆல் வகுக்க வேண்டும். 80 நாய். உங்கள் 50 அல்ல.

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. டென்மார்க்கில் பீட்டர்சன் என்பவர் 1896-இல் மீன்களுக்கு அடையாளம் மாட்டிக் கடலில் விட்டார். அமெரிக்காவில் ஃபிரெடரிக் லிங்கன் என்ற பறவை ஆய்வாளர் 1930-இல், வளையம் மாட்டிய வாத்துகளில் எத்தனை வேட்டைக்காரர்கள் கையில் சிக்கின என்று பார்த்து மொத்த வாத்தைக் கணித்தார். நம் முதுமலையில் புலிக்குச் சாயம் பூச யாரும் போவதில்லை. வரியே அடையாளம், தானியங்கி கேமராவில் அதே வரி மறுபடி விழுகிறதா என்று பார்க்கிறார்கள்.

80 என்பதும் கல்லில் வெட்டிய எண் அல்ல. இவ்வளவு சின்ன எண்ணிக்கைக்குப் பிழை வரம்பு பெரிது: 65-இலிருந்து 94 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வரம்புக்குள்ளும் 50 வரவில்லை.

இதைவிட எனக்குக் கவலை வேறொன்று. எல்லா நாயும் ஒரே மாதிரி கண்ணில் படும் என்று நம்பித்தான் இந்தக் கணக்கே நிற்கிறது. அது நம் ஊரில் பொய். முகாமில் பிடிபட்டவை யார்? மார்க்கெட்டில் கறிக்கடை வாசலில் படுத்திருப்பவை, பிஸ்கட் காட்டினால் வாலாட்டிக்கொண்டு வருபவை. மறுநாள் எங்கள் எதிரே வந்து நின்றவையும் அவைதான். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கம் திரியும் கூச்ச நாய்கள் ஊசிக்கும் வரவில்லை, எங்கள் நோட்டுக்கும் வரவில்லை. அப்படியானால் நிஜ எண்ணிக்கை 80-க்கு மேல், ஊசி போட்ட விகிதம் 57 சதவீதத்துக்கும் கீழே. இரவில் சிறுத்தை இறங்கும் பக்கமும் அதுதான். ஒரு நாய் போனால் அந்த இடத்துக்கு ஊசி போடாத இன்னொன்று வந்து சேர்கிறது.

மழை இதற்கு நேர்மாறான தப்பைச் செய்யும். சாயம் கரைந்தால் ஊசி போட்ட நாயும் போடாததாகத் தெரியும், மொத்தம் ஊதிப் பெருக்கும். பச்சை இலை எடை போடும்போது மழை நாளில் ஈரத்துக்குக் கழிப்போமே, அப்படிக் கழிக்க இங்கே வழியில்லை. அதனால்தான் மறுநாளே நடந்தோம்.

காதில் வெட்டு உள்ள நாய்களையும் ஊசிக் கணக்கில் சேர்க்கலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். வேண்டாம் ஐயா. அந்த வெட்டு கருத்தடை ஆன நாய் என்பதற்கு. போன வருடமோ மூன்று வருடம் முன்போ செய்ததாக இருக்கலாம். இந்த வருடத்து ஊசிக்கு அது சாட்சி ஆகாது.

கேட்பது பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு முகாமுக்கும் மறுநாள் ஒவ்வொரு வார்டிலும் இரண்டு பேர் நடக்கட்டும். நாய் பிடித்தவர்களே எண்ண வேண்டாம், வேறு ஆட்கள், வேறு பாதை. லைன் வீடுகள் பக்கம் கட்டாயம் போக வேண்டும். பதிவேட்டில் ஒற்றை சதவீதத்தை எழுதாமல் மூன்று எண்களையும் எழுதுங்கள்: ஊசி போட்டது எத்தனை, மறுநாள் பார்த்தது எத்தனை, அதில் சாயம் இருந்தது எத்தனை. மீதியை நாங்களே வகுத்துக்கொள்வோம். எங்கள் வார்டின் 92 சதவீதத்தை அடித்துத் திருத்துங்கள்.

அடுத்த முகாம் ஞாயிறு என்று கேள்விப்பட்டேன். திங்கள் காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டு டீக்கடை முன்னால் நோட்டோடு நிற்கிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் வழி தெரிந்த உறுப்பினர் யாராவது கூட வந்தால் நல்லது.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வார்டுக்காரன்