டீசல் காரில் புகையை மட்டும் பார்க்காதீர்கள், துகளையும் எண்ணுங்கள்

நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கும் வணக்கம்.

2025 ஜனவரி 1 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் சிங்கப்பூரில் பதிவுசெய்ய முடியாது. அந்த முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் 2024 கடைசியில் பதிவான காரின் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், 2034 வரை இருக்கிறது. அதுவரை சாலையில் ஓடப்போகும் வண்டிகளுக்காக ஒரு வேண்டுகோள்: வாகனப் பரிசோதனையில் புகையின் அடர்த்தியோடு துகள்களின் எண்ணிக்கையையும் அளக்க வழிசெய்யுங்கள்.

டீசல் எஞ்சின் மேல் எங்களுக்கு இருக்கும் மதிப்பு வெறும் பற்று இல்லை. பெட்ரோல் எஞ்சினில் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) பொதுவாக 10 முதல் 12 வரை; டீசலில் 15, 16. வேகத்தைக் குறைக்கக் காற்றை மறிக்க வேண்டியதில்லை, எரிபொருளைக் குறைத்தாலே போதும். இவை இரண்டாலும் எரிபொருள் மிச்சமாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.65 கிலோ கரியமில வாயு வரும், பெட்ரோலில் 2.3 கிலோ. அப்படியும் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் பெட்ரோல் கேட்கும் ஏழு இருக்கை வண்டி, டீசலில் 6 லிட்டருக்கு ஓடினால் கிலோமீட்டருக்கு 184 கிராம் என்பது 159 ஆகிறது. ஆள்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு துவாஸ் வழியாக மலேசியாவின் ஈப்போவுக்குப் போகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு ஹைபிரிட்தான் பொருத்தம், அதில் சந்தேகமே இல்லை.

இந்த நன்மைக்கெல்லாம் காவல் டிபிஎஃப் எனப்படும் டீசல் துகள் வடிகட்டி. கரித்துகளைப் பிடித்து வைத்து, நிறைந்ததும் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி எரித்துவிடும். அதற்கு விரைவுச்சாலையில் நிற்காமல் 15, 20 நிமிடம் ஓட வேண்டும். தோ பாயோவிலிருந்து பக்கத்திலிருக்கும் நொவீனா வரை போய் எஞ்சினை அணைத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும். சூடேற்றுவதற்காகப் பிந்திப் பீச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் எண்ணெயை உடனே மாற்ற வேண்டும். நீர்த்த எண்ணெய் பேரிங்கைத் தின்றுவிடும். ரேடியேட்டர் விசிறி இரைவதும், நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகம் (ஆர்பிஎம்) கூடியிருப்பதும் எரிப்பு நடப்பதன் அடையாளங்கள். அப்போது அணைக்காமல் இன்னொரு சுற்று ஓட்டினால் போதும். இதை யாரும் வாங்குகிறவரிடம் சொல்வதில்லை.

வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் சிலர் குறுக்குவழிக்குப் போகிறார்கள். கூட்டை வெட்டி உள்ளிருக்கும் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, மறுபடி பற்றவைத்து, எஞ்சின் மென்பொருளையும் மாற்றிவிடுகிறார்கள். வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது. புகைச் சோதனையிலும் தப்பிவிடலாம், ஏனென்றால் அந்தக் கருவி ஒளி எவ்வளவு மறைகிறது என்றுதான் பார்க்கிறது. இன்றைய எஞ்சின் விடும் துகள்களில் பெரும்பாலானவை 100 நானோமீட்டருக்கும் சிறியவை. அவை ஒளியை மறைப்பதில்லை, ஆனால் நுரையீரலின் அடிவரை போகின்றன.

துகள் எண்ணும் கருவிக்கு இவை தப்பாது. எஞ்சின் சூடேறியபின் வண்டியை நிறுத்தி எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, புகைக்குழாயில் கருவியின் முனையைச் செருகினால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். நல்ல வடிகட்டி என்றால் கன சென்டிமீட்டருக்குப் பெரும்பாலும் சில ஆயிரம்தான் காட்டும்; பிடுங்கியதில் பல லட்சங்களைத் தாண்டும். நெதர்லாந்து 2023 ஜனவரியிலும் ஜெர்மனி அதே ஆண்டு ஜூலையிலும் இதை வழக்கமான பரிசோதனையில் சேர்த்துவிட்டன. வரம்பு நெதர்லாந்தில் 10 லட்சம், ஜெர்மனியில் 2.5 லட்சம். நமக்கு ஜெர்மனியின் வரம்பே சரியாக இருக்கும்.

தோற்ற வண்டியை உடனே சாலையை விட்டு விலக்காமல், சரிசெய்ய அவகாசம் கொடுங்கள். வடிகட்டியின் இரு பக்க அழுத்தத்தையும் ஒப்பிடும் சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாய் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் வெடிப்பு விட்டுவிடும். அதனால் கணக்குத் தப்பி, எரிக்க வேண்டிய நேரத்தில் எரிக்காமல் விட்டு வடிகட்டியே கெட்டுப்போகும். குழாயின் விலை சொற்பம், புது வடிகட்டிக்கோ ஆயிரக்கணக்கில் செலவாகும். பட்டறைகள் முதலில் குழாய், அடுத்து சென்சார், பிறகு வடிகட்டியைக் கழற்றிச் சாம்பலைக் கழுவுதல், அதற்கும் சரிவராவிட்டால் மட்டுமே மாற்றுதல் என்ற வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைத் தோல்விச் சீட்டிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் கார்களைப் பழுதுபார்ப்போரும் ஓட்டுவோரும்