செலாமத் பாகி, செல்வி

செல்வி,

செலாமத் பாகி!

சரி, பதில் சொல்லாதே. நம் நிச்சிஜோ அனிமேயில் யூகோ காலையில் ஓடிவந்து இந்தோனேசியக் காலை வணக்கத்தை இப்படிக் கத்தியபோது தோழிகள் மியோவும் மாயும்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து மாதமாக நான் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, நீயும் எழுதவில்லை, யார் முதலில் நிறுத்தியது என்று ஆரம்பித்தால் அது தனிச் சண்டை. இங்கே எல்லாரும் நலம். மாமியார் முட்டிவலி அப்படியே. நிலா ஒன்றாம் வகுப்பு, முன்பல் இரண்டும் காணோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ரேவதி சொன்னாள். நீ சொல்லியிருக்கலாம். விடு.

வாய்ஸ் நோட் அனுப்பினால் திட்டுவாய் என்பதால் உட்கார்ந்து தட்டுகிறேன். நீளமாகத்தான் போகும், டீ போட்டுக்கொண்டு வந்து படி.

விஷயம் இதுதான்: நிச்சிஜோ விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன். முழுதாக இல்லை, முக்கால்வாசி. இதைப் பிரியாவிடம் காட்டினால் உன் கையை முறிப்பேன்.

ரேவதி வீடு பால் காய்ச்சிய அன்று நடந்தது உனக்கு மறந்திருக்காது. பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேரும் ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதுபோல் கத்திக்கொண்டிருந்தோம், ரேவதியின் நாத்தனார் பயந்தேபோனார். பிரியா வழக்கம்போல, இதையெல்லாம் 2002லேயே அசுமாங்கா டயோ அனிமே செய்து முடித்துவிட்டது, அங்கே ஒரு பாத்திரம் சும்மா நின்று முழித்தாலே சிரிப்பு வரும், இங்கே ஒவ்வொன்றுக்கும் தொண்டை கிழியக் கத்தி, வானம் வெடித்து, பூமி பிளந்து, குருவி தலையில் பனங்காய் என்றாள். ரேவதிக்கு அந்தப் பனங்காய்தான் வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் மானோடு மல்யுத்தம் செய்து, கடைசியில் அதை இடுப்போடு கட்டிப்பிடித்துப் பின்பக்கமாகத் தூக்கி அடிப்பாரே, அந்த ஒரு காட்சிக்காகவே தொடரை எடுத்த கியோட்டோ அனிமேஷனுக்குக் கோயில் கட்டலாம் என்பது அவள் கட்சி. நான் யூகோ–மியோ கட்சி. நீ எப்போதும்போல ஷினோனோமே வீடு: குட்டி விஞ்ஞானி ஹகாசே, அவள் செய்த ரோபோ நானோ, பூனை சகாமோட்டோ.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். 'அந்த ஹகாசே, பொம்மைப் பெண், பூனை வந்தாலே நான் ஓட்டிவிடுவேன்டி, குழந்தைகள் சேனல் மாதிரி இருக்கும்' என்றேன். நீ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, 'அப்படியென்றால் நீ பார்க்கவே இல்லை, 13 வருஷமாகப் பார்த்த மாதிரி பேசிக்கொண்டிருக்கிறாய்' என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாய். உன் பஸ் ஒன்பதரைக்கு. மணி ஏழுதான்.

ஒரு கார்ட்டூனுக்கா இவ்வளவு கோபம் என்று எனக்கும் கோபம். அதனால்தான் எழுதவில்லை.

அப்புறம், பரீட்சை லீவில் நிலாவுக்கு அம்மை போட்டது. பத்து நாள் வீட்டில். டேப்லெட்டில் எதையோ தடவிக்கொண்டிருந்தவள் அந்த மான் காட்சித் துண்டைப் பிடித்துவிட்டாள். பதினோரு முறை. வேப்பிலைப் படுக்கையில் கிடந்துகொண்டு அந்தத் தலைமையாசிரியர் மாதிரி மூச்சு வாங்கிக் காட்டுகிறாள். சரி, முதலிலிருந்தே காட்டுகிறேன் என்று போட்டேன். இங்கேதான் மாட்டினேன். அவளுக்கு அந்த வேகத்தில் சப்டைட்டில் படிக்கத் தெரியாது, அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்ல வேண்டும். ஓட்டிவிட வழியில்லை, விரலை நீட்டினாலே 'அம்மா!' என்கிறாள். ஆக, என் வாழ்க்கையில் முதல்முறையாக, 26 எபிசோடில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒரு நொடி விடாமல் பார்த்தேன். பார்த்தேன் என்ன, நடித்தேன். ஹகாசேவுக்கு ஒரு குரல், நானோவுக்கு ஒரு குரல், சகாமோட்டோவுக்கு உன் பெரியப்பா குரல்.

சிவப்புத் துணியைக் கழுத்தில் கட்டியதும் பேச ஆரம்பிக்கிற அந்தப் பூனை, மனிதக் கணக்கில் எனக்கு 20 வயது, மரியாதையாக 'சான்' போட்டுக் கூப்பிடு என்று ஹகாசேவை மிரட்டுமே. ஆங்கில சப்டைட்டிலில் அது அங்கங்கே நொண்டும். தமிழில் சொல்லிப் பார், தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'சகாமோட்டோ வா' என்றால் முறைக்கும், 'சகாமோட்டோ வாங்க' என்றால் மீசையை நிமிர்த்தும். நிலாவுக்கு இது தலைகால் புரியாத ஆனந்தம். இப்போது எதிர்வீட்டுப் பூனையை 'வாங்க, உட்காருங்க' என்கிறாள்.

அடுத்ததாக ஒரு கேள்வி கேட்டாள். 'ஏம்மா அந்தப் பெரிய அக்கா இந்தச் சின்னப் பொண்ணை வாங்க போங்கன்னு சொல்றா?' நானோ யாரிடமும் மரியாதைப் பேச்சுத்தான் பேசுவாள், எட்டு வயது ஹகாசேவிடமும்கூட. நான் அது தெரியாமலே மொழிபெயர்த்துக்கொண்டு போயிருக்கிறேன். சமைக்கிறவள், துவைக்கிறவள், தூங்கவைக்கிறவள், திட்டுகிறவள் நானோ. ஆனால் செய்தவள் ஹகாசே. யார் அம்மா யார் பிள்ளை என்றே தெரியாத வீடு. கை திறந்து உள்ளிருந்து ரோல் கேக் வருகிறபோது நாம் ஹாஸ்டலில் சிரித்தோம் இல்லையா (இதை மட்டும் நான் ஓட்டவில்லை), இந்தத் தடவை நான் நானோவின் முகத்தைப் பார்த்தேன். தன் உடம்பில் என்னென்ன வைத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கே தெரியாது. அந்தச் சாவியை மட்டுமாவது முதுகிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறாள், அழகாயிருக்கிறதே என்று குட்டி மறுத்துவிடுகிறது. கொடுமைடி. சிரிப்பாகவும் இருக்கிறது, கொடுமையாகவும் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நானோ அந்தச் சாவியை யாரும் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடப்பாள். முதுகில் அத்தனை பெரிய சாவி! எல்லாருக்கும் தெரியும், யூகோ உட்பட யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அந்த அறிவியல் டீச்சர் நகாமுராவைத் தவிர. அந்தக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குக் குரல் வரவில்லை. நீ முதல் வருஷம் முழுக்க முடியை இழுத்துக் காதுக்கு மேலே விட்டு கிளிப் குத்தியிருப்பாய். எங்கள் மூன்று பேருக்கும் முதல் வாரத்திலேயே காது மெஷின் தெரியும். நீயாகச் சொல்லும்வரை நாங்கள் யாரும் பேசியதில்லை, அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உனக்கு அது எப்படி இருந்தது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

இன்னொன்றும் தோன்றியது, தப்பாக இருந்தால் திட்டு. தமிழ்ப் படம் போட்டால் எழுந்து போய்த் துணி காயப்போடுகிற நீ, அனிமே என்றால் மட்டும் முதல் ஆளாக லேப்டாப் முன்னால் உட்காருவாய். அங்கே நாலு பேருமே எழுத்தைப் படித்துத்தான் சிரிக்க வேண்டும். ஒரே நேரத்தில் சிரிப்போம். உன்னிடம் யாரும் 'என்ன சொன்னான் தெரியுமா' என்று திரும்பிச் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருஷம், ஒரு அம்மை, ஒரு பல்போன குட்டி எல்லாம் தேவைப்பட்டிருக்கிறது. மன்னித்துக்கொள்.

சரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறேன். முக்கால்வாசிதான் தோற்றேன் என்று சொன்னேனே.

நானோ பள்ளிக்கு வந்தபிறகு, அதாவது 14ஆவது எபிசோடிலிருந்து, தொடர் மேலேறுகிறது என்பாய். இல்லை. இரண்டு வீட்டுக் கதையும் ஒட்டிக்கொள்கிற சந்தோஷம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பாதியில் தெரு, மின்கம்பி, யாருமில்லாத வகுப்பறை என்று நடுநடுவே வெறுமனே நிற்குமே, அந்தத் தாளம் எனக்குப் பின்பாதியில் குறைந்த மாதிரிதான் இருக்கிறது. தொடக்கப் பாட்டிலும் பாடகர் ஹ்யாதாயினின் முதல் பாட்டுத்தான் பாட்டு. எபிசோடுக்கு ஒன்றாகப் பள்ளிக் கோரஸ் பாட்டை முடிவில் வைத்ததற்காக மட்டும் இரண்டாம் பாதிக்கு ஐந்து மார்க் போடுகிறேன்.

பிரியா சொல்வதும் முழுப் பொய் இல்லை. காப்பிக்கடைக் காட்சியை எடுத்துக்கொள். யூகோ கெத்தாக உள்ளே போய், அளவுப் பெயரே புரியாமல் முழித்து, வேர்த்து விறுவிறுத்து, கடைசியில் எஸ்பிரெஸோ என்று எதையோ சொல்லிவைக்க, விரல்நுனி அளவு கோப்பை ஒன்று வருமே. அதில் வெடியும் இல்லை, பறத்தலும் இல்லை, ஒரு முகமும் ஒரு கோப்பையும்தான். எனக்கு மானைவிட அதுதான் பெரிது. பிறகு மியோ திண்டாடுவதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அவளை அதே கடைக்கு இழுத்துவந்தால், அவள் தண்ணி பட்ட பாடாக ஆர்டர் சொல்லிவிட்டுப் போவாள். கவுண்டமணி–செந்தில் கணக்குத்தான், ஒருவர் உளற ஒருவர் அறைய. யாரிடம் அறை விழும் என்று மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் பிரியாவிடம் நான் சொல்ல நினைப்பது வேறு. ஒரு சாசேஜ் துண்டு தட்டிலிருந்து துள்ளி விழுவதை உலகமே அழியப்போகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள் என்றால் அது வீண்செலவு இல்லை. 16 வயதில் சாப்பாட்டு டப்பாவில் கடைசித் துண்டு கீழே விழுவது அப்படித்தானே இருக்கும்? இயக்குநர் இஷிஹாரா அந்த அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் கிண்டலுக்குச் சொன்ன 'குழந்தைகள் சேனல்' இன்னொரு வேடிக்கை. 2011 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நடுராத்திரியில் ஓடி, டிஸ்க் விற்பனை சுமாராகப்போன அதே தொடரை, 2012 ஜனவரியில் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே தன் கல்விச் சேனலில் 12 எபிசோடாக வெட்டிப் போட்டிருக்கிறது. ஆக, நிலாக்கள் பார்க்கட்டும் என்று அவர்களும் நினைத்திருக்கிறார்கள். நீ வென்றாய்.

2019 ஜூலை 18 நினைவிருக்கிறதா? நான் வேலையில் இருந்தபோது உன்னிடமிருந்து வீடியோ கால். எடுத்தால் நீ ஒன்றும் பேசவில்லை. கியோட்டோ ஸ்டூடியோவில் யாரோ தீ வைத்துவிட்டான் என்று நான் அப்புறம்தான் பார்த்தேன். 36 பேர். அப்போது எனக்கு அது செய்தி. நிலாவுக்காக இந்தத் தொடரைப் போட்டபோது பெயர்ப் பட்டியலை நிறுத்திப் படித்தேன், பாத்திர வடிவமைப்பு: ஃபுதோஷி நிஷியா. யூகோவின் அந்த அசட்டுச் சிரிப்பையும் ஹகாசேவின் கன்னத்தையும் திரைக்காக வரைந்து கொடுத்தவர். அந்த 36 பேரில் அவரும் ஒருவர். நிலா 'ஏம்மா நிறுத்திட்ட' என்றாள். ஒன்றும் சொல்லாமல் ஓடவிட்டேன். அன்றைக்கு நீ ஏன் பேசாமல் இருந்தாய் என்று இப்போது புரிகிறது.

சிட்டி அனிமே பார்த்தாயா, இல்லையா? 2025 ஜூலையில் வந்தது, நிச்சிஜோவை எழுதிய அதே அராவியின் கதை, அதே கியோட்டோக்காரர்கள், 13 எபிசோட். ஐந்தாவதில் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள், எந்தக் கட்டத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நாலு முறை போட்டேன். ரேவதி இதுதான் உச்சம் என்கிறாள். எனக்கு ஊர் பிடித்தது, ஆள்கள் இன்னும் மனசில் ஒட்டவில்லை. நீ பார்த்துவிட்டுச் சொல், உன் பேச்சை இந்தத் தடவை எதிர்க்காமல் கேட்கிறேன் (பத்து நிமிஷம்).

பொங்கலுக்கு நீ ஊருக்கு வரும்போது இங்கே இரண்டு நாள் தங்கு. கடைசி எபிசோடு மட்டும் நிலாவுக்குப் போடாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஹகாசே பகுதியெல்லாம் நீதான் சொல்ல வேண்டும், என் குரல் அதற்கு லாயக்கில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். வந்தால் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்து வா, ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

நிலா கேட்கச் சொன்னாள்: செல்விப் பெரியம்மா வீட்டுப் பூனையை எப்படிக் கூப்பிட வேண்டும், வாங்கவா, வாவா?

உன்,
தேனு

பி.கு.: தலையில் சால்மன் மீன் விழுகிற காட்சியைப் பார்த்ததிலிருந்து இவள் வெளியே கிளம்பும்போதெல்லாம் மேலே பார்த்துக்கொண்டே நடக்கிறாள். நேற்று கம்பத்தில் இடித்துக்கொண்டாள்.