முகாமில் எழுதி வாங்கிய இமெயில் முகவரிகளை எடுத்துவிடுங்கள்

வேலைவாய்ப்பு முகாமில் ஸ்டால் போட்டிருந்த பயிற்சி மையத்தாருக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் பதினாலு வருஷமாக ஜெராக்ஸ் கடையும் நெட் சென்டரும் வைத்திருக்கிறேன். முகாம் எது, எப்போது நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. உங்கள் மேஜைமேல் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நீள நோட்டு இருந்தது. பெயர், செல் நம்பர், இமெயில் என்று கட்டம் போட்டிருந்தீர்கள். வரிசையில் நின்ற பிள்ளைகள் வேலைக்குப் பதிகிறோம் என்று நம்பித்தான் அதில் எழுதினார்கள். அந்த நோட்டில் இருக்கும் அத்தனை முகவரிகளையும் உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு மடல், ஐந்து மடல் என்று வருகிறது. வருவது கூடப் பரவாயில்லை, தலைப்பைப் பாருங்கள்: 'இன்டர்வியூ கால் லெட்டர்', 'நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்'. நெஞ்சு படபடக்கத் திறந்தால் உள்ளே கோர்ஸ் பீஸ், தவணை விவரம். வேலைக்காகக் காத்திருக்கிற பிள்ளைக்கு இப்படித் தலைப்புப் போட்டு அனுப்ப உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். அப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், எண்ணூர் ரோட்டில் வண்டி வரிசையில் நின்றுவிட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். இந்தப் பெண் என் கடையில்தான் ரெஸ்யூம் அடித்து மணலியில் ஒரு தொழிற்சாலைக்கு அப்ரண்டிஸ் வேலைக்கு விண்ணப்பித்தாள். தினமும் உங்கள் மடல்களைத் திறந்து திறந்து ஏமாந்து, "அண்ணா, இதை எப்படி நிறுத்துறது?" என்று கேட்டாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் பிளாக் செய்யச் சொன்னேன். மறுநாளே அனுப்புகிற முகவரியில் ஓர் எண் மாறி வேறு பெயரில் வந்தது. அப்புறம் மடலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்தில் நீங்கள் வைத்திருக்கும் 'விலகிக்கொள்ள' என்ற இடத்தை அழுத்திப் பார்த்தோம், அது செல் நம்பரையும் எந்த கோர்ஸ் வேண்டும் என்பதையும் கேட்கிற இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டது. கடைசியில், வந்தவுடன் டிக் பண்ணி, வேண்டாத மடல் என்று புகார் சொல்லும் ரிப்போர்ட் ஸ்பேம் பட்டனை அழுத்திவிடு, திறக்கவே திறக்காதே என்றேன். அப்படியே செய்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறு ஒரு பிரின்ட் எடுக்க வந்தவள், எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று என் கம்ப்யூட்டரில் ஸ்பேம் பெட்டியைத் திறந்தாள். உங்கள் மடல்கள் முப்பது, நாற்பது வரிசையாக நிற்கின்றன. நடுவில் அதே 'இன்டர்வியூ கால் லெட்டர்' என்ற தலைப்பில் ஒன்று, அந்தத் தொழிற்சாலையிலிருந்து. திங்கட்கிழமை காலை 9.30க்கு அசல் சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருந்தார்கள். அந்தத் திங்கட்கிழமை போய் நாலு நாள் ஆகியிருந்தது. உங்களுடையது என்று நினைத்து அவள் கையாலேயே ஸ்பேமில் போட்டிருக்கிறாள். அழவில்லை. மவுஸைப் பிடித்தபடி அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரின்டுக்குக் காசு கொடுத்தாள், எனக்கு வாங்கக் கை வரவில்லை. தொழிற்சாலைக்கு போன் செய்து பார்த்தோம், ஆள் எடுத்தாயிற்று என்றார்கள்.

முகவரியை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை என்று உங்கள் ஆள் போனில் சொன்னார். ஜிமெயிலில் நம் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்து எழுதினாலும் மடல் நமக்கே வந்து சேரும். முகாமுக்குத் துணையாக வந்த நானும் உங்கள் நோட்டில் அப்படித்தான் எழுதினேன், 'முகாம்' என்ற சொல்லைச் சேர்த்து. அந்த முகவரியை வேறு எங்கேயும் கொடுத்ததில்லை. இன்றைக்கு அதே முகவரிக்கு அவசரக் கடன் தருகிறோம் என்று ஒருவர் எழுதுகிறார், திருவள்ளூர் பக்கம் மனை வாங்குங்கள் என்று இன்னொருவர் எழுதுகிறார். உங்கள் நோட்டிலிருந்து போகாமல் வேறு எப்படிப் போயிருக்கும்?

இப்போது எங்கே போனாலும் இமெயில் கேட்கிறார்கள். எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடையில் ஒரு பாவாடைத் துணி எடுத்தால்கூட பில் போடுகிறவர் கேட்கிறார், நாமும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். வேண்டாத போனும் எஸ்எம்எஸ்ஸும் வந்தால் 1909இல் புகார் சொல்லலாம். இமெயிலுக்கு அப்படிச் சுலபமாகக் கூப்பிட ஒரு நம்பர் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் எல்லோரும் அனுப்புகிறார்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. ஒரு வரி எழுதி வாங்கியதை நிறுத்த மூன்று பக்கம் சுற்ற வைப்பது எந்த விதத்தில் சுலபம்?

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கின்றன. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000க்கு மேல் மடல் அனுப்பினால், விளம்பர மடலில் ஒரே அழுத்தில் விலகும் வசதி இருக்க வேண்டும், கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். முகாமுக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் என் கடைக்கு வருகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்: அனுப்பியவர் முகவரியை முழுசாகப் படி, உன் கம்பெனி இல்லை என்று தெரிந்த பிறகு புகார் அழுத்து, ஸ்பேம் பெட்டியை இரண்டு நாளுக்கு ஒரு தரம் பார், 30 நாளில் அது தானாக அழிந்துவிடும். இதை நிறுத்த மாட்டேன்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு நேரம் இல்லை. தயவுசெய்து அந்த நோட்டில் உள்ள முகவரிகளை எடுத்துவிடுங்கள், யாருக்கெல்லாம் கொடுத்தீர்களோ அவர்களிடமும் எடுக்கச் சொல்லுங்கள், 'கால் லெட்டர்' என்ற தலைப்பை இனி போடாதீர்கள். அந்தப் பெண் இன்னும் இரண்டு கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறாள், இந்த மாசக் கடைசிக்குள் பதில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை நெட் சென்டர்காரன்