15 சென்டிமீட்டரோடு நின்றால்

டூவூம்பா, குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா
23.6.2024

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல்.

இங்கே குளிர் நன்றாகவே இறங்கிவிட்டது. கொண்டைக்கடலை விதைப்பும் ஏறக்குறைய முடிந்தது. போன மாதம் இந்தியா இறக்குமதி வரியை எடுத்துவிட்டதால், எங்கள் டார்லிங் டவுன்ஸ் வட்டாரம் முழுக்கக் கடலைப் பேச்சுதான்.

என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டாயே. மண்ணிலிருந்து பயிரின் வேரைத் தாக்கும் நூற்புழுதான், ப்ராட்டிலென்கஸ் தார்னி என்ற இனம். நீளம் அரை மில்லிமீட்டர் இருக்கும். வேர்முடிச்சு நூற்புழுவாவது முடிச்சு போட்டு ஆளைக் காட்டிக்கொடுக்கும். இது வேருக்குள் தின்றுகொண்டே நகர்கிற ஜாதி. வேர் கறுத்துப்போகும், பக்கவேர் குறையும். மண்ணில் ஈரம் இருந்தும் செடி தண்ணீர் காணாததுபோல நிற்கும். கடலையில் விளைச்சல் ஐந்தில் ஒரு பங்குவரை போகலாம். தாக்குப்பிடிக்காத கோதுமை ரகமென்றால் பாதிகூடப் போகும்.

எனக்கு ஆத்திரம் வருவது, புழுவை எண்ண மண் மாதிரி எடுக்கிற விதத்தில்தான். 15 செ.மீ. வரை குத்தி, பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். நம்மூர்க் கரிசல்போலவே கனத்த களிமண் இது, காய்ந்தால் வெடிக்கும். மேலே இருக்கும் புழுக்களில் பல சாகும். சில உடம்பு ஈரத்தை இழந்து, அடுத்த மழைவரை உறங்கும். கீழே ஈரமும் உண்டு, வேரும் உண்டு. அதனால் பல வயல்களில் 30 முதல் 60 செ.மீ. ஆழத்தில்தான் கூட்டம் அதிகம், 90-ஐத் தொட்டும் இருக்கும். கிலோ மண்ணுக்கு 2,000 புழு என்பது இங்கே அபாய அளவு. மேல்மண்ணை மட்டும் எண்ணினால் பல வயல்கள் அதற்குக் கீழே நின்று, ‘கவலையில்லை’ என்று முடிவு வந்துவிடும்.

அவ்வளவு ஆழத்துக்கு மருந்து போய்ச் சேராது. சோளம், பருத்தி, சூரியகாந்தி என்று மாற்றிப் போட்டு, அதையும் ஒரு பருவத்தோடு விடாமல் தொடர்ந்தால் எண்ணிக்கை இறங்கும். ஆனால் கோதுமை, கடலை என்று மாறிமாறிப் போட்டால் இரண்டுமே அதற்குச் சாப்பாடு. இந்த விலையில் கடலையை விடச் சொன்னால் யார் கேட்பார்கள், சொல்!

அப்புறம், உன் மாணவர்கள் யாராவது நம் பக்கக் கரிசலில் அடுக்கடுக்காக மண் எடுத்து எண்ணியிருந்தால் அந்தக் கணக்கை அனுப்பு. இல்லையென்றால் ஒருவரைப் பிடித்து எண்ண வை. 60 செ.மீ.க்குக் குறையக்கூடாது.

அன்புடன்,
ராமு