முத்துவின் ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள கோமதி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி, உன் பெரியவனின் பள்ளிக்கூடப் புராணம் எல்லாம் அடுத்த கடிதத்தில் கேட்டுக்கொள்கிறேன். போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறியிருக்காது. அதனால் எழுத்தில் தருகிறேன். நிதானமாகப் படித்துவிட்டு முத்துவிடம் கொடு. நம்ம ஆகாசவாணி அக்காள் கண்ணில் மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள், ஏட்டி.

முதலில் அந்தத் தாள். வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில் 'எச்பிஎஸ்ஏஜி ரியாக்டிவ்' என்று வந்து, 'அன்ஃபிட்' என்று முத்திரை குத்திவிட்டார்கள். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் அவன் ரத்தத்தில் தென்பட்டது என்பதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தம் கிடையாது. ஈரல் கெட்டதா, வைரஸ் எவ்வளவு இருக்கிறது, புதிதா பழசா, எதையும் அது சொல்லாது. கார்டில் (கோடு விழுகிற உடனடிச் சோதனை) பார்த்தார்களா எலிசாவில் (லேப் மெஷினில் செய்கிற சோதனை) பார்த்தார்களா என்று விசாரிக்கச் சொல். கார்டு என்றால், சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்) விட்ட பிறகு கிட்டில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் 15–20 நிமிடத்துக்குள், பார்த்துவிட வேண்டும். மறந்துபோய் வெகுநேரம் கழித்துப் பார்த்தால் இல்லாத கோடும் மங்கலாகத் தெரியும். கார்டு ஒழுங்காக வேலை செய்ததைக் காட்டும் 'சி' கோடு வராவிட்டால் அந்தக் கார்டே செல்லாது. இன்னொன்று முக்கியம்: மெடிக்கலுக்கு முந்தின இரண்டு மூன்று வாரத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருந்தானா? ஊசியில் இருப்பதே அந்தப் புரதம்தான். கொஞ்ச நாளைக்கு ரத்தத்தில் அது தென்படும். போட்டிருந்தால் ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுக்கட்டும்.

ஊசி போடவில்லை என்றால் எலிசாவில் உறுதி செய்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மெடிசின் ஓ.பி.யில் காட்டட்டும். 2018 ஜூலை 28 முதல் இதற்கென்றே தேசியத் திட்டம் இருக்கிறது, பரிசோதனையும் மருந்தும் இலவசம். அதனால் தெருமுனை லேபில் 'ஃபுல் பேக்கேஜ்' என்று பணத்தைக் கொட்ட வேண்டாம். கேட்க வேண்டியவை இவைதான்: ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை (அதில் ஈரல் சேதத்தைக் காட்டும் ஏ.எல்.டி. எண்தான் முக்கியம்), பிளேட்லெட், எச்பிஇஏஜி (வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் புரதம்), ஆன்டி எச்பிசி ஐ.ஜி.எம். (வைரஸுக்கு எதிராக உடம்பு முதலில் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்), வயிற்று ஸ்கேன், எச்பிவி டி.என்.ஏ. (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற கணக்கு). ஐ.ஜி.எம். இருந்தால் புதுத் தொற்றாக இருக்கலாம், பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் தானாகவே சரியாகிவிடும். ஆறு மாதம் கழித்தும் எச்பிஎஸ்ஏஜி போகவில்லை என்றால்தான் நாள்பட்டது என்பார்கள்.

எச்பிஎஸ்ஏஜிக்கு வெறும் வயிறு தேவையில்லை. சிவப்பு மூடி அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் எடுப்பார்கள், டி.என்.ஏ.வுக்கு ஊதா மூடி, அதைச் சீக்கிரம் மெஷினில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். குழாயில் அவன் பெயரை அவன் கண் முன்னாலேயே எழுதுகிறார்களா என்று பார்க்கட்டும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் வைட்டமின் மாத்திரை விழுங்குகிறானே, அதை லேபில் சொல்லிவிட்டு இரண்டு மூன்று நாள் நிறுத்தட்டும். சில மெஷின்களில் அது ரிசல்ட்டைப் புரட்டிவிடும். டி.என்.ஏ. எப்போதும் ஒரே லேபில் எடுப்பது நல்லது. ஒரு லேப் ஐ.யூ. என்ற சர்வதேச அலகில் தரும், இன்னொன்று 'காப்பி' என்று வைரஸ் பிரதிகளின் எண்ணிக்கையில் தரும், ஒரு ஐ.யூ. என்பது ஐந்து காப்பிக்கும் மேல். அது தெரியாமல் 'ஐந்து மடங்கு ஏறிப்போச்சு' என்று தலையில் கைவைத்து உட்காருவார்கள்.

மருந்து எல்லோருக்கும் தேவைப்படாது. தேவை என்று டாக்டர் சொன்னால் தினம் ஒரு டெனோஃபோவிர் (வைரஸை அடக்கும் மாத்திரை), 300 மில்லிகிராம். நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தினால் வைரஸ் சீறிக்கொண்டு திரும்பி ஈரலையே சாய்த்துவிடும். சித்தப்பா பிடுங்கிவந்த கீழாநெல்லியைப் பற்றிக் கேட்டாயே. 1988இல் நம் சென்னையில் நடந்த ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்து உலகமே திரும்பிப் பார்த்தது உண்மை. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. கண் மஞ்சள் தெளிந்தால் போதும் என்று விட்டுவிடுகிற வியாதி இல்லை இது. குடியை மட்டும் அவன் அடியோடு விட வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது ஒரு விஷயத்தில்தான். சித்தி அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டாளாமே? உடனே எடுக்கச் சொல். சாப்பாட்டில், தட்டில், தும்மலில், தொடுவதில் இது ஒட்டாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் இவற்றில்தான். தனியாக வைக்க வேண்டியது ரேசர், பிரஷ், நகவெட்டி. சிந்திய ரத்தத்தில் இந்த வைரஸ் ஏழு நாள்கூடத் தாங்கும், பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றித் துடைக்க வேண்டும்.

அடுத்தது முத்துவின் மனைவி செல்வி. ஏழு மாசம் என்கிறாய். தாய்சேய் அட்டையில் எச்பிஎஸ்ஏஜி எழுதியிருக்கிறதா பார். நெகடிவ் என்றிருந்தாலும் முத்துவின் ரிசல்ட்டைச் சொல்லித் திரும்ப எடுங்கள். நெகடிவ் என்றால் கர்ப்பத்திலேயே தடுப்பூசி போடலாம். பாசிட்டிவ் என்றால் உடனே டி.என்.ஏ.; இரண்டு லட்சம் ஐ.யூ.வைத் தாண்டினால் கடைசி மூன்று மாதம் மாத்திரை கொடுப்பார்கள். பிள்ளை பிறந்ததும், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே தடுக்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்). இரண்டாவது எல்லா மருந்துக்கடை ஃபிரிட்ஜிலும் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி உன் விஷயம், கோமதி. போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. பச்சிளம் குழந்தைக்கு இது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடும். முத்துவுக்கு ஒரு நாளும் காமாலை வந்ததில்லை என்கிறாய். அப்படியானால் சின்ன வயதிலேயே வந்திருக்க வாய்ப்பு அதிகம், பிரசவத்தில் அம்மாவிடமிருந்தே வந்திருக்கலாம். தமிழ்நாட்டில் ஹெபடைடிஸ் பியும் சேர்ந்த ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசி வந்ததே 2011 டிசம்பரில். நாமெல்லாம் அதற்கு எத்தனையோ முன்னால் பிறந்தவர்கள். அம்மாவுக்கும், அவன் கூடப்பிறந்த உனக்கும் பெரியண்ணனுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும். அம்மா மேல் பழி போட இல்லை. அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கும். சோர்வு இல்லை, வலி இல்லை என்று தள்ளிப் போடாதே. ஈரல் கடைசிவரை வாய் திறக்காது.

எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்பிஎஸ் (பாதுகாப்புத் தரும் எதிர்ப்புப் பொருள்), ஆன்டி எச்பிசி டோட்டல் (எப்போதாவது தொற்று வந்திருந்தால் காட்டுவது), மூன்றும் ஒரே ரத்தத்தில் பார்க்கலாம். ரத்தம் கொடுத்த பிறகுதான் தடுப்பூசி, முன்னால் போட்டுக்கொள்ளாதே. மூன்றும் நெகடிவ் என்றால் கைப்புஜத்தில் மூன்று ஊசி: இன்று, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். இடுப்பில் குத்தினால் சரியாகப் பிடிக்காது. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி எச்பிஎஸ் 10க்கு மேல் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை செல்விக்குச் செக்கப் என்றாயே. அன்றைக்கே அம்மாவையும் கூட்டிக்கொண்டு நீயும் போய்க் கையை நீட்டு. ரிப்போர்ட் வந்ததும் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் யூனிட் தெரிகிற மாதிரி.

அன்புடன்,
சுந்தரி