சுவர்ப் பொந்தில் ஒரு ஜோடி

ஆசிரியர் அவர்களுக்கு,

காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஆள் போகுமுன்பே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்து முகட்டில் ஒரு குண்டுக்கரிச்சான் குருவி பாடத் தொடங்கிவிடும். கறுப்பு வெள்ளை ஆண். சாம்பல் நிறப் பெட்டை பக்கத்தில் வந்ததும் இறகைச் சிலிர்த்து, அலகை வானம் பார்க்கத் தூக்கி, வாலை விசிறியாய் விரித்து ஒரு நடை நடக்கும் பாருங்கள், கல்யாண மாப்பிள்ளை தோற்றான்! அப்புறம் கஷ்டமெல்லாம் பெட்டைக்குத்தான். கூடு கட்டுவதில் பெரும்பங்கும் அதற்கே, அடைகாப்பதும் அது மட்டுமே. ஆண் எல்லையைக் காக்கும். குஞ்சுக்கு இரையும் கொண்டுவரும்.

மரப்பொந்தும் சுவர் ஓட்டையும்தான் இவற்றுக்கு வீடு. போன ஏப்ரலில் லயம் திருத்த வந்தவர்கள், வாசலில் புல்லும் வேரும் நீட்டிக்கொண்டிருந்த பொந்தைச் சிமெந்தால் பூசிவிட்டார்கள். ஜோடி இரண்டு நாள் அதையே சுற்றியது. பூசுமுன் ஒரு தரம் உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்லக் கூடாதா?

லயவாசி ஒருவர்,
ஹட்டன்