நலச்சங்க ஆண்டறிக்கை 2025-26: இந்த தடவை ரோபோ போட்டிதான் பாதி

எல்லாருக்கும் வணக்கம். தலைவர், பொருளாளர், செயற்குழு, சந்தா கட்டினவங்க, இன்னும் கட்டாதவங்க எல்லாருக்கும் சேர்த்துதான் வணக்கம்.

வழக்கமான விஷயத்தை சட்டுனு முடிச்சிடறேன். மழைக்கு ரெண்டாவது தெரு முனையில தண்ணி நின்னுச்சு, மோட்டார் வாடகைக்கு எடுத்து இறைச்சோம். தெருவிளக்கு எரியுது. கேமரா புதுசா மாட்டியாச்சு. கொசு இருக்கு, போன வருஷமும் இருந்துச்சு. நாய் விஷயம் தனியா பேசணும், இப்ப ஆரம்பிச்சா விடிஞ்சிரும்.

இப்ப ரோபோ போட்டிக்கு வர்றேன். பொங்கலுக்கு வருஷா வருஷம் உறியடி, லெமன் ஸ்பூன், கோலம்னு வெச்சுட்டு இருக்கோம், ஆனா ஆறாவதுக்கு மேல படிக்கிற பசங்க கீழயே இறங்கி வர்றதில்ல, மாடியில இருந்து போன்ல வீடியோ எடுக்கறதோட சரி. போன பொதுக்குழுவுல இதை கேட்டப்ப ஒரு மெம்பர் வீடு காலி பண்றப்ப குடுத்துட்டுப் போன லெகோ இவி3ங்கற ரோபோ கிட் பெட்டி ஆபீஸ் அலமாரியில தூங்கிட்டு இருக்கறது ஞாபகம் வந்துச்சு. எடுத்துப் பாத்தா ஒரு மோட்டாரை காணோம், ரெண்டு கேபிள் வேலை செய்யல, லெகோ கம்பெனி இவி3 சேர்ந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே 2022ஓட நிறுத்திட்டாங்க, அதனால ஸ்பேர் தேடினா யானை விலை. சரி, அது சின்ன பசங்க கை பழகறதுக்கு இருக்கட்டும், போட்டிக்கு அர்டுயினோங்கற சின்ன கன்ட்ரோலர் போர்டு போதும்னு முடிவு பண்ணோம். ஸ்கூல்ல அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்துல வர்ற செய்முறை லேப்) இருக்கற பசங்களுக்கு இதெல்லாம் ஏற்கனவே தெரியும், ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அந்த லேப்தானே, ஆனா நம்ம ஏரியாவுல பாதி பசங்க படிக்கிற ஸ்கூல்ல அது கிடையாது. அதனால ஒரே ஸ்கூல் பசங்க ஒரே டீம்ல சேரக்கூடாதுன்னு முதல் விதி போட்டோம். இதுக்கே ரெண்டு பேர் வீட்டுல முகத்தை தூக்கி வெச்சுக்கிட்டாங்க.

மத்த விதியெல்லாம் நாங்க உக்காந்து யோசிச்சது இல்ல. வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாட்னு பசங்களுக்கான உலக ரோபோ போட்டி ஒண்ணு இருக்கு, 2004ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்சாங்க, 2016 ஃபைனல் டெல்லியில நடந்துச்சு, 2025ல திரும்ப சிங்கப்பூர்லயே. அதுல ரோபோமிஷன்ங்கற பிரிவோட விதிகளை எடுத்து நம்ம ஹாலுக்கு தகுந்த மாதிரி வெட்டிக்கிட்டோம். டீமுக்கு ரெண்டு இல்ல மூணு பேர். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி போட், அதாவது ரோபோ, அதோட நீளம், அகலம், உயரம் எல்லாமே 25 சென்டிமீட்டருக்குள்ள அடங்கணும். ஒரு ரன் ரெண்டு நிமிஷம். பட்டனை ஒரு தடவை அமுக்கினதும் கை எடுத்துடணும், திரும்ப தொட்டா ரன் முடிஞ்சது. ரிமோட் கிடையாது, ப்ளூடூத், வைஃபை எதுவும் ஆன்ல இருக்கக்கூடாது. நம்ம போட்டியில ப்ளூடூத் மாட்யூலை கழட்டி நடுவர் மேசையில வெச்சுட்டுத்தான் வரணும்னு சொல்லிட்டோம், ஏன்னா போன் பாக்கெட்டுல இருக்கற அண்ணன் ஒருத்தர் கூட்டத்துல நின்னா யாரு கண்டுபிடிக்கிறது.

முக்கியமான விதி பெரியவங்களுக்கு. கோச் வெளியில நின்னு பேசலாம், பசங்க வேலை செய்யற நேரத்துல போட்டையும் தொடக்கூடாது, லேப்டாப்பையும் தொடக்கூடாது. இதை நோட்டீஸ் போர்டுல ஆகஸ்ட் மாசமே ஒட்டினோம், யாரும் படிக்கல, டிசம்பர்லதான் சண்டை வந்துச்சு. ஐடியில வேலை பாக்கறவங்க நம்ம காலனியில நிறைய, ஞாயித்துக்கிழமை பிராக்டிஸ் வந்தா அப்பாங்க தரையில உக்காந்து புரோகிராம் கோட் அடிக்கிறாங்க, பசங்க பின்னாடி நின்னு சிப்ஸ் சாப்பிடுது. எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு நேரா என்கிட்டயே வந்து "அங்கிள், எங்கப்பாவை கொஞ்சம் டீ குடிக்க கூட்டிட்டுப் போங்களேன்"னு கேட்டுச்சு. கூட்டிட்டுப் போனேன். அன்னைலேருந்து பிராக்டிஸ் நேரத்துல பெத்தவங்களுக்கு ஹால் கதவு சாத்தியாச்சு. சிலருக்கு இன்னும் என்மேல கோவம், பரவால்ல.

சாமானுக்கு சென்னையோட எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட்தான். சென்ட்ரல்ல இறங்கி மெட்ரோ மாறி அரசினர் தோட்டம் ஸ்டேஷன் போனா நடக்கற தூரம், ஞாயித்துக்கிழமை பாதி கடை ஷட்டர் இறக்கியிருக்கும், சனிக்கிழமை போங்க. அர்டுயினோ ஊனோ, மோட்டாருக்கு கரன்ட் குடுத்து ஓட்டற எல்298என் மோட்டார் டிரைவர், மஞ்சள் கலர் பிஓ மோட்டார், இன்ஃப்ராரெட் ஒளியால கருப்பு வெள்ளையை பாக்கற ஐஆர் சென்சார், வண்டிச் சக்கரம் எல்லாம் ஒரே சந்துல கிடைச்சிரும். பசங்களையும் கூட்டிட்டுப் போங்க, கடைக்காரர் கேக்கற கேள்விக்கு அவங்களே பதில் சொல்லட்டும். ஒரு விஷயம், அந்த சதுர ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்காதீங்க, மோட்டார் கேக்கற கரன்ட்டை அதால குடுக்க முடியாது, கொஞ்ச நேரத்துல வண்டி தள்ளாட ஆரம்பிச்சிரும், பசங்க புரோகிராம்ல தப்புன்னு நெனச்சு புரோகிராமை மாத்திட்டே இருப்பாங்க. திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ற 18650 லித்தியம் செல் ரெண்டு போடுங்க. அதுலயும் சார்ஜ் ஃபுல்லா இருந்தா 8.4 வோல்ட், ஓட ஓட 7.4 பக்கம் வந்துரும், போதாக்குறைக்கு எல்298என் தன் பங்குக்கு ரெண்டு வோல்ட் கிட்ட முழுங்கிரும். காலையில ஒழுங்கா திரும்பின வளைவுல சார்ஜ் போட்டு எடுத்ததும் போட் வெளிய ஓடறது இதனாலதான். ஒரு டீம் ஒவ்வொரு ரன்னுக்கு முன்னாடியும் மல்டிமீட்டர் வெச்சு வோல்டேஜை நோட்டுல எழுதிட்டு வந்தாங்க, பக்கத்துல வளைவுல எவ்ளோ ஸ்பீடு வெச்சாங்கன்னும் எழுதியிருந்தாங்க. அந்த நோட்டை பாத்தப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம், ஜெயிச்சது வேற டீம்தான்.

போட் ஓடற மேட், அதாவது தரையில விரிக்கிற டிராக் ஷீட், அதோட கதையையும் சொல்லியாகணும். ஒலிம்பியாட் மேட் 2362க்கு 1143 மில்லிமீட்டர், நம்ம அடிக்கணக்குல ஏழே முக்காலுக்கு மூணே முக்கால். கட்சி பேனர் அடிக்கிற ஃபிளெக்ஸ் கடையில குடுத்தோம், அவர் பளபளன்னு கிளாஸியில அடிச்சு சுருட்டிக் குடுத்துட்டாரு. விரிச்சா டியூப் லைட் அதுலயே தெரியுது, சென்சாருக்கு கருப்பு எது வெள்ளை எதுன்னு புரியல. ரெண்டாவது தடவை பளபளப்பு இல்லாத ஃபினிஷ் கேட்டு வாங்கினோம், ஓரம் சுருளாம இருக்க ஒரு நாள் முழுக்க செங்கல் வெச்சோம். இன்னொரு தலைவலி வெயில். நம்ம ஹாலுக்கு மேற்குப் பக்கம் ஜன்னல், சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் நேரா டிராக்ல விழுது, வெயில்லயும் இன்ஃப்ராரெட் இருக்கறதால ஐஆர் சென்சார் கண்டபடி ரீடிங் காட்டுச்சு. சென்சார் போர்டுல இருக்கற குட்டி திருகை ஸ்க்ரூடிரைவரால திருப்பித் திருப்பி பசங்க நொந்துட்டாங்க. கடைசியில மூணாவது தெரு மாமி குடுத்த பெட்ஷீட்டை ஜன்னல்ல கட்டினோம், போட்டியையும் காலைக்கு மாத்தினோம்.

போட்டி பொங்கல் லீவுல நடந்துச்சு. ஒலிம்பியாட்ல சர்ப்ரைஸ் ரூல்னு ஒண்ணு உண்டு, போட்டி அன்னிக்கு காலையிலதான் சொல்லுவாங்க. நாங்களும் வெச்சோம். பாதை நடுவுல ஒரு டப்பா இருக்கும், போட் அதை இடிக்காம நிக்கணும், நடுவர் டப்பாவை எடுத்ததும் தானா கிளம்பணும், முக்கால் மணி நேரம் டைம், தூரத்தை அளக்கற அல்ட்ராசோனிக் சென்சார் சங்கமே குடுக்கும்னு சொன்னோம். வெளியில பெத்தவங்க கிட்டேருந்து ஒரே சத்தம், முன்னாடியே சொன்னா என்னன்னு. முன்னாடியே சொன்னா அது வீட்டுல யாரோ எழுதிக்குடுத்த புரோகிராமா வந்து நிக்கும்ங்க. ஒரு டீம் டப்பாவை பாத்ததும் நிறுத்திட்டு அஞ்சு செகண்ட் சும்மா காத்திருக்கற டிலே போட்டு அப்புறம் கிளம்பற மாதிரி எழுதினாங்க, நடுவர் டப்பாவை எடுக்க அதைவிட லேட்டாக்கினாரு, போட் நேரா போய் இடிச்சுது. டிலே ஓடற நேரத்துல சென்சாரை யாரும் கேக்கறதில்லன்னு அந்தப் பையனே மைக்ல விளக்கினான், கை தட்டு அவனுக்குத்தான் அதிகம்.

ரன்னுக்கு அப்புறம் ஒவ்வொரு டீமையும் உக்கார வெச்சு கேள்வி கேட்டோம், இது ஃபர்ஸ்ட் லெகோ லீக்னு இன்னொரு ரோபோ போட்டியில இருந்து எடுத்தது, அங்க போட் ஓடறது ரெண்டரை நிமிஷம்தான், ஆனா பசங்க நடுவர்கிட்ட தனியா உக்காந்து எப்படி டிசைன் பண்ணோம்னு சொல்லணும். இந்த வரி எதுக்கு, சென்சாரை ஏன் இவ்ளோ கீழ வெச்சீங்க, அவ்ளோதான் கேட்டோம். ஹால்லயே அழகான போட் கொண்டுவந்த டீம் இதுல நிறைய மார்க் விட்டுட்டாங்க, காரணம் எல்லாருக்கும் தெரியும், நான் சொல்லல.

உறியடிக்கு வெச்ச காசை இதுல போட்டுட்டீங்கன்னு சில மெம்பர் கேட்டாங்க. உறியடியும் நடந்துச்சு, பானையும் உடைஞ்சுது, பரிசு மட்டும் எவர்சில்வர் குடத்துலேருந்து டிபன் பாக்ஸா குறைஞ்சுது.

அடுத்த வருஷத்துக்கு செயற்குழு கேக்கறது இதுதான்: 18650க்கு நல்ல சார்ஜர், எக்ஸ்ட்ரா மல்டிமீட்டர், சாமான் வெக்க பூட்டு போட்ட அலமாரி. புது கிட் எதுவும் வேணாம். டீம் சேர்க்கறது ஜூன்லயே முடிஞ்சிரணும், அரையாண்டுப் பரீட்சை நேரத்துல பிராக்டிஸ் கிடையாது. ஒன்பதாவது, பத்தாவது பசங்க சின்ன பசங்களுக்கு சொல்லித் தர ஒத்துக்கிட்டாங்க, ஞாயித்துக்கிழமை காலையில ஹாலை அவங்களுக்கு விடணும், அந்த நேரத்துல சீட்டாட்டம் மாடிக்குப் போகணும். இதுக்கு இன்னிக்கே கை தூக்கி சம்மதம் சொல்லிடுங்க.

சங்கத்தோட ஸ்க்ரூடிரைவர் செட்டும் ரெண்டு அல்ட்ராசோனிக் சென்சாரும் யார் வீட்டுலயோ இருக்கு, வாட்ச்மேன்கிட்ட குடுத்தா போதும், யாருன்னு கேக்க மாட்டோம். செலவு கணக்கை பொருளாளர் இப்ப படிப்பாரு.

இப்படிக்கு,
செயலாளர்